கம்பி வந்தால் மட்டும் போதுமா?

(ஊராட்சிப் பயிற்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



நாமக்கல்லின் அன்றாட முட்டை விலை, சேலத்து ஜவ்வரிசி நிலவரம், நிலத்தின் பட்டா, ஊராட்சியின் வரவு செலவு ஆகிய யாவும் இன்று இணையத்தின் வழியே நம்மை வந்தடைகின்றன. எனவே, இணையக் கம்பியின் முடிவில் உள்ள ரவுட்டர் என்னும் சிறு பெட்டியைப் பற்றி நாம் அறிந்திருத்தல் அவசியம்.

அப்பெட்டியின் வேலை யாது? பரமத்தி வேலூர்ப் பக்கத்து இராஜவாய்க்காலில் நீர் பாய்ச்சுவோர் முறை அறிந்து மடை திறப்பதைக் கண்டிருப்பீர்கள். அவ்வாறே இப்பெட்டியும் ஒவ்வொரு செய்தியையும் சேர வேண்டிய கணினிக்குத் திருப்பி விடுகிறது. ஆனால் முறையை முன்கூட்டிச் சொல்லி வைத்தல் வேண்டும்.

நம் நாட்டில் இணையம் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது 1995 ஆகஸ்டு 15-ஆம் நாள். அக்காலத்தில் தொலைபேசியில் எண்ணை அழைத்தே இணையத்தில் சேர முடிந்தது. பின்னர்ப் பரவிய ஐ.எஸ்.டி.என். முறையில், அதே செம்புக் கம்பியில் நொடிக்கு 64 கிலோபிட் வேகமுள்ள இரு வழிகள் கிடைத்தன. ஒன்றில் பேசிக்கொண்டே மற்றொன்றில் செய்தி பெறலாம்; இரண்டையும் இணைத்தால் வேகம் 128 ஆகும்.

அந்த ரவுட்டருக்கு நான்கு விதிகள் இன்றியமையாதவை: அழைக்க வேண்டிய எண், பயனர் பெயரும் கடவுச்சொல்லும், எத்தகைய செய்திக்காக அழைக்கலாம் என்பது, எவ்வளவு நேரம் செய்தியின்றி இருந்தால் இணைப்பைத் துண்டிக்க வேண்டும் என்பது. கட்டணம் நேரத்தைப் பொறுத்தது. ஆகையால் கடைசி இரு விதிகளைச் சரியாக அமைக்காவிடில், ஆளில்லாத தோட்டத்தில் மோட்டார் ஓடுவது போல, வேலை நடவாமலே கட்டணம் ஏறும்.

இன்று கண்ணாடி இழை வந்துள்ளது. 2018-இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனத்தின் குறிக்கோள், 12,525 ஊராட்சிகளுக்கும் நொடிக்கு 1 ஜிகாபிட் வேகம் அளிப்பதாகும். இது ஐ.எஸ்.டி.என். வேகத்தைப் போல ஏறத்தாழ 7,800 மடங்கு. ஆயினும் வேகம் ஒன்றே போதாது. 2001-இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் கம்பியில்லா முறையில் கிராம இணைய நிலையங்கள் திறக்கப்பட்டன. தொடர்ந்த ஆதரவும் போதிய வருவாயும் இல்லாமையால், அவற்றுள் பல சில ஆண்டுகளில் மூடப்பட்டன. அந்நிலை நமக்கு வரலாகாது.

ஆதலின் நாம் செய்ய வேண்டுவன இவை:

ஒன்று: பெட்டியுடன் வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுக.

இரண்டு: அமைப்பு விவரங்களைத் தாளில் எழுதி அலுவலகப் பெட்டகத்தில் வைத்திடுக. எழுதியவர் மாறுதலாகிச் சென்றாலும் தாள் இருக்கும்.

மூன்று: கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது, ஆனால் பெட்டிக்கு வரும் மின்கம்பி கடத்தும். கோடை இடியின்போது அதனைக் கழற்றி வைத்திடுக.

நான்கு: குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டுமுன், இழை செல்லும் தடத்தைக் கேட்டறிக. ஒரு மண்வெட்டி வெட்டு ஊர் முழுவதையும் துண்டித்துவிடும்.

ஐந்து: படித்த இளைஞர், மகளிர் இருவரையேனும் இப்பணியில் பழக்குக.

கிராம சபையில் இவற்றைப் பேசி முடிவெடுங்கள். கம்பியைக் கொண்டு வருவது அரசின் கடமை. அதனைக் காத்துப் பயன் கொள்வது ஊராரின் கடமை.