கைத்திறமும் கல்வியே

(களியக்காவிளையில் மாணவர்தம் பெற்றோர்முன் ஆற்றப்பெற்ற உரை)



பள்ளியிறுதித் தேர்வின் முடிவு வெளிவரும் நாளில், குமரி மாவட்டத்து வீடுகளில் எழும் வினா ஒன்றே ஒன்றுதான்: "எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும்?" எந்தத் தொழிலைக் கற்கலாம் எனும் வினா எழுவதே இல்லை. தொழில் என்பது தேர்வில் தோற்றவனுக்கு உரிய தண்டனை என்றே கருதப்படுகின்றது.

2011ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பின்படி இம்மாவட்டத்தில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு 91.75 பேர்; தமிழ்நாட்டிலேயே முதலிடம். உயர்கல்வியிலும் தமிழகம் பின்தங்கவில்லை. 2021-22ஆம் ஆண்டு அளவீட்டில் உயர்கல்விச் சேர்க்கை விழுக்காடு இந்திய அளவில் 28.4, தமிழ்நாட்டிலோ 47. பெருமைதான். ஆயினும் எஞ்சிய பாதிப்பேருக்குத் தமிழ்க் குமுகாயம் காட்டிய வழி யாது? பட்டம் பெற்றும் பணி பெறாதவர்க்குக் காட்டும் வழிதான் யாது?

பெற்றோரைக் குறைகூறிப் பயனில்லை. உளி பிடித்தவனும் பனையேறியவனும் மண் பிசைந்தவனும் வருணப் பிரிவால் இழித்துரைக்கப்பட்டனர். அவ்விழிவைத் தன் உடம்பில் தாங்கிய தந்தை, "என் மகனாவது கருவியைத் தொடாதிருக்கட்டும்" என்று எண்ணினான். அந்த எண்ணத்தில் நயன்மை உண்டு. ஆனால் நீக்க வேண்டியது இழிவை, கருவியை அன்று.

 கழகக்காலப் புலவர்தம் பெயர்களை நோக்குக: தங்காற் பொற்கொல்லன் வெண்ணாகனார், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், மதுரைக் கூலவாணிகன் சாத்தனார். பொன் வேலை செய்தவரும், துணி விற்றவரும், கூலம் அளந்தவரும் தம் தொழிலைப் பெயரோடு சேர்த்தே வழங்கினர். தொழிலைச் சொல்ல நாணவில்லை. தொழில் அவர்தம் புலமைக்குத் தடையாகவும் இல்லை.

கைத்தொழிலுக்கு அறிவு வேண்டா என்பார், களியக்காவிளையைச் சுற்றியுள்ள தோட்டங்களுக்கு விடியுமுன் சென்று காண்க. இரப்பர் எனப்படும் தொய்வ மரத்தில் பால்வெட்டுவதைக் கூலிவேலை என்றே பலர் நினைப்பர். பட்டைக்கும் மரத்திற்கும் இடையில் மெல்லிய வளர்படலம் ஒன்று உண்டு. பாற்குழல்கள் அதனை ஒட்டியே நெருங்கியிருக்கின்றன. கத்தி படலத்தைத் தொட்டால் மரம் புண்படும். புதிதாக வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகும். ஆழம் குறைந்தாலோ பால் குறையும். படலத்திற்கு முன் விடவேண்டிய பட்டை ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவே. ஒட்டுமரமாயின் வெட்டு, இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து, 30 பாகைச் சரிவில் இறங்குதல் வேண்டும். பொழுது ஏற ஏற மரத்தின் உள்ளழுத்தம் தணிந்து பால் ஒழுக்குக் குறைவதால், விடியற்பொழுதே வெட்டுதற்கு ஏற்றது. ஏறத்தாழ ஏழாண்டு காத்து வளர்த்த மரத்தின் வாழ்வு அந்தக் கையின் அளவறிவில் இருக்கின்றது. இது கல்வியன்றி வேறென்ன?

மார்த்தாண்டத்துத் தேன் மற்றொரு சான்று. 1920களில் அங்கிருந்த கிறித்தவ இளைஞர் கழகத்தின் சிற்றூர்ச் சீரமைப்பு நடுவம், அமெரிக்கரான இசுபென்சர் ஆட்சு என்பாரின் தலைமையில், பெட்டிகளில் தேனீ வளர்க்கும் முறையைப் பரப்பியது. தொய்வ மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கும்போது, தளிரிலைக் காம்பில் தேன் ஊறும். பூவை மட்டுமே நோக்குவார்க்கு இது தெரியாது; பெட்டியைத் தோட்டத்தில் வைக்கும் காலம் அறிந்த உழவர்க்குத் தெரியும். 1991-92இல் புழுக்களைத் தாக்கும் நச்சுயிரி நோயொன்று தென்னாட்டுத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. எஞ்சியவற்றைப் பிரித்துப் பெருக்கியே தொழில் மீண்டும் தழைத்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தொழிலைப் போற்றுதல் வேறு. தந்தை தொழிலை மகன்மேல் சுமத்துதல் வேறு. 1953இல் சென்னை மாநிலத்தில் இராசாசி, அரைநாள் பள்ளி, அரைநாள் பெற்றோர் தொழில் என்றொரு திட்டம் கொணர்ந்தார். தமிழகம் கொதித்தெழுந்தது, 1954இல் காமராசர் ஆட்சி அதனைக் கைவிட்டது. அன்று திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த களியக்காவிளை, 1956 நவம்பர் 1ஆம் நாள் தாய்த்தமிழகத்தோடு இணைந்தது. அப்போராட்டத்தின் பயன் இவ்வூர்க்கும் உரியதே. தச்சர் மகள் மருத்துவராகலாம். ஆசிரியர் மகன் தச்சராகலாம். இவ்விரண்டும் இயல்பாக நடக்கும் நாளில்தான் குலத்தொழில் என்னும் தளை அறும்.

அதற்குரிய வாயில்கள் திறந்தே உள்ளன. நாகர்கோவில் கோணத்தில் அரசினர் தொழிற்பயிற்சி நிலையமும் பல்தொழில்நுட்பக் கல்லூரியும் இருக்கின்றன. தொழிற்பயிற்சியில் மின்பணியாளர் பயிற்சி இரண்டாண்டு. பற்றவைப்பாளர் பயிற்சி ஓராண்டு. 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்படி தொழிலகங்களில் உதவித்தொகையுடன் பழகவும் வழியுண்டு. ஈராண்டுப் பயிற்சி தேறியோர் பல்தொழில்நுட்பக் கல்லூரியில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். அங்குத் தேறியோர் பொறியியற் கல்லூரியிலும் அவ்வாறே சேரலாம். தொழில்வழி முட்டுச்சந்து அன்று.

நாள்தோறும் எல்லை கடந்து திருவனந்தபுரத்திற்கும், கடல் கடந்து வளைகுடா நாடுகளுக்கும் உழைக்கச் செல்வோர் இப்பகுதியில் பலர். திறமிருந்தும் சான்றிதழ் இல்லாதவன் எடுபிடியாகவே எண்ணப்படுகின்றான். கைத்திறத்தோடு சான்றிதழும் சேர்ந்தால் கூலி பேசும் ஆற்றல் அவனுக்கு வரும்.

கற்பிக்கும் மொழியும் கருதத்தக்கது. தூக்குநூல், மூலைமட்டம், கரணை, உளி, இழைப்புளி, அரம் என உழைப்பாளி நாவில் வாழும் சொற்கள் நல்ல தமிழ். அவற்றைக் கொண்டே பாடம் நடந்தால், ஆங்கிலத்திற்கு அஞ்சிப் படிப்பை நிறுத்தும் பிள்ளையும் நிமிர்ந்து நிற்பான்.

ஆதலின் பெற்றோர்களே, தேர்வு முடிவு வந்ததும் பிள்ளையைக் கல்லூரி வாயிலுக்கு மட்டுமன்றிக் கோணத்துப் பயிற்சி நிலையத்திற்கும் அழைத்துச் சென்று காட்டுங்கள். முடிவைப் பிள்ளையின் விருப்பத்திற்கு விடுங்கள். பெண்மக்களுக்கும் அவ்வழியைத் திறவுங்கள். தொழில் வல்லுநர்களே, உங்கள் குலத்தைச் சாராத ஒரு பிள்ளைக்கேனும் உங்கள் திறத்தை ஒளிக்காமல் கற்பியுங்கள். ஆசிரியர்களே, "படிக்காவிட்டால் மண்வெட்டிதான்" என்று வகுப்பில் இனி ஒருபோதும் சொல்லாதீர்கள். மண்வெட்டி பிடித்தவரின் பிள்ளை அவ்வகுப்பில் அமர்ந்திருக்கின்றது.