தோற்றவருக்குக் காரணம் சொல்லுதல்



பல்கலைக்கழக மாணவருக்கு விவாதம் பயிற்றுவது பற்றிச் சில வார்த்தை பேசும்படி சங்கத்தார் பணித்தனர். முதலில் நமது குற்றம் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறோம். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி விவாதத்துக்கு நடுவராகச் சென்றோம். இரு பக்கத்தாரும் நன்றாகவே பேசினர். ஒரு பக்கத்துத் தலைவருக்கு வெண்கலக் குரல், சபை கைதட்டிற்று, வெற்றியையும் அவர்களுக்கே கொடுத்தோம். கூட்டம் கலைந்தபின் தோற்ற மாணவர் ஒருவர் வந்து, "ஐயா, எவ்விடத்தில் தவறினோம் என்று சொன்னால் அடுத்தமுறை திருத்திக்கொள்வோம்" என்று பணிவாகக் கேட்டார். நம்மிடம் விடை இல்லை. கையிலிருந்த தாளில் பெயர்களும் புள்ளிகளுமே இருந்தன.

அன்று தொட்டு, பேசக் கற்பிக்குமுன் தீர்க்கக் கற்பிக்கவேண்டும் என்பது நம் எண்ணம்.

1981இல் கிளாஸ்கோ நகரில் தொடங்கிய உலகப் பல்கலைக்கழக விவாதப் போட்டியின் முறையைப் பாருங்கள். பிரேரணையை ஆதரிப்போர் இரண்டு அணி, எதிர்ப்போர் இரண்டு அணி. அணிக்கு இருவர், ஆளுக்கு 7 நிமிடம். ஆயத்தஞ் செய்ய 15 நிமிடந்தான். எந்தப் பக்கம் பேசுவது என்பது பேசுவோர் விருப்பமன்று. இவையெல்லாம் சில கிழமைகளிற் பழகிவிடும். நடுவர் வேலையே அரியது. நடுவர்கள் கலந்து பேசி நான்கு அணிகளையும் வரிசைப்படுத்தி, அதற்குரிய காரணத்தை அணிகளின் முன்னிலையில் எடுத்துச் சொல்லவேண்டும்.

வகுப்பிலே பாதிப்பேரைப் பேசவிட்டு, மறுபாதியை நடுவராக்குங்கள். தாளை நடுவே கோடிட்டு, இடப்புறம் ஒருவர் சொன்ன நியாயத்தையும், வலப்புறம் எதிர்ப்பக்கத்தார் இறுத்த விடையையும் எழுதச் செய்யுங்கள். வலப்புறம் வெறுமையாகக் கிடக்கும் இடங்களை நோக்கினால் தீர்ப்பு பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆனால் அந்த வெற்றிடத்தில் நடுவர் தமக்குத் தெரிந்த விடையை எழுதிவிடக் கூடாது. இதுதான் கடினம். இலவசக் கல்வியால் ஆளான ஒருவர், பல்கலைக்கழகத்திற் கட்டணம் அறவிடவேண்டும் என்னும் பிரேரணைக்கு நடுவராகிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் வேண்டும் என்றவர் தக்க நியாயங்களைச் சொல்ல, மற்றவர் அவற்றைத் தொடாமலே இறங்கிவிட்டால், நெஞ்சு பதைத்தாலும் முன்னவருக்கே தீர்ப்பளிக்கவேண்டும். (நமக்கே இது எளிதில் வருவதில்லை.)

இவ்வொழுங்கு நமக்குப் புதியதன்று. நூலாசிரியருக்குரிய மதம் ஏழு என்று வகுக்கும் நன்னூல், உடன்படுதலை முதலில் வைத்து மறுத்தலை அடுத்தே வைக்கிறது. பிறர் கொள்கையை ஏற்றுக்கொண்டு பின் களைவதும், இருவர் மாறுபட்டவிடத்து ஒன்றைத் துணிவதும் அவ்வேழில் அடங்கும். சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் பரபக்கத்திலே புறச்சமயத்தார் கூற்றை முன்னே எடுத்துரைத்து அப்பாலே மறுக்கிறார். தம் கொள்கையைக் கூறும் சுபக்கம் பிறகுதான் வருகிறது. இதை அப்படியே பயிற்சியாக்கலாம். எதிராளி, "ஆம், அதைத்தான் சொன்னேன்" என்று ஒப்பும்வரை மாணவரை மறுமொழி கூற விடாதீர்கள். முதல் நாள் பலர் தடுமாறுவர். மறுப்பதிலேயே மனம் இருந்தபடியால், எதிராளி சொன்னது பாதி காதில் விழுந்திராது.

இன்று மாலை இம்மண்டபத்தில் இளைஞர் விவாதம் நடக்கவிருக்கிறது. நடுவர் மேசையில் நமக்கும் ஓர் இடம் தந்துள்ளார்கள். தாளிற் கோடு போட்டாயிற்று. தோற்கும் பக்கத்தார் உடனே எழுந்து போய்விடாதீர்கள். காரணத்தைக் கேட்டுவிட்டே போங்கள்.