பாடும் ஷிப்டும்

காட்டூரை அடுத்த பழவேற்காடு ஏரியில் ‘பாடு’ என்றொரு வழக்குண்டு. இறால் வலை கட்டும் இடத்தையும் நாளையும் மீனவர் தமக்குள்ளேயே முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர்.

திருப்பெரும்புதூரில் 2006-இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலையிலும் முறை இருந்தது, பெயர்தான் ‘ஷிப்டு’. சிற்றூர்களிலிருந்து பேருந்தேறி வந்த இளையோர், அவருள் பெரும்பாலோர் பெண்கள், பகலும் இரவும் மாறிமாறி உழைத்தனர். மாதந்தோறும் கைக்கு வந்த ஊதியம் எளியதன்று. அதனைக் குறைத்துச் சொல்லலாகாது. ஆயின் அம்முறையை வகுத்தோர் தொலைவில் இருந்தனர். நிறுவனத்தின் கைப்பேசிப் பிரிவை மைக்ரோசாப்ட் வாங்கியபோது, வரி வழக்கில் சிக்கிய இவ்வாலை விடுபட்டது. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது.

அதற்கு முன்னரே ஆயிரக்கணக்கானோர் ‘விருப்ப ஓய்வு’ பெற்றிருந்தனர். பலருக்கு முப்பது வயதுகூட நிரம்பவில்லை. விருப்பம் எவருடையதோ!