மண் துளைக்கும் பணியும் தொழிலாளர் கைகளும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து எல்லைக் கிராமங்களில், பாலத்திற்கோ பெருங்கட்டிடத்திற்கோ அடித்தளம் இடுமுன் நிலத்தைத் துளைத்துச் சோதிக்கின்றனர். கருவி தேய்ந்தோ பழுதுற்றோ இருந்தால், அதன் விலையைத் தொழிலாளியின் கை கொடுக்க நேரிடுகிறது.

நிலத்தின் அமைப்பும் இதற்கு ஒரு காரணம். மேலே செம்புரைக்கல், ஊர்வழக்கில் வெட்டுக்கல். நிலத்தினுள் வெட்டுவதற்கு எளிதாயிருக்கும் இக்கல், காற்றும் வெயிலும் பட்டால் இறுகிவிடும். 1807ஆம் ஆண்டில் பிரான்சிஸ் புக்கானன் இதற்கு ‘லேட்டரைட்’ எனப் பெயரிட்டதும் கேரளத்தின் அங்காடிப்புறத்தில்தான். அதன் கீழே பெரும்பாலும் வழுக்கும் களிமண். அதற்கும் கீழே கடும்பாறை. செம்புரைக்கல்லில் சிக்கித் திணறும் துளைகருவி, களிமண்ணை எட்டியதும் சட்டென்று விடுபடுகிறது. அந்நொடியில் பைப் ரெஞ்சின் பற்கள் தேய்ந்திருந்தால், பிடி வழுக்கி, அழுத்திக்கொண்டிருந்த கை இரும்பில் மோதும்.

மண்ணின் தாங்குதிறனை அறியும் சோதனையில் 63.5 கிலோ எடையுள்ள சம்மட்டி 75 செ.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழுகிறது. முதல் 15 செ.மீ. நீங்கலாக, அடுத்த 30 செ.மீ. இறங்க எத்தனை அடிகள் தேவைப்பட்டன என்று எண்ணுகின்றனர். இதற்காகத் தண்டில் சுண்ணக்கட்டியால் குறியிடுவதும், தளர்ந்த இணைப்பை முறுக்குவதும் அடிகளுக்கு இடையே நடந்தால் பேராபத்து. சம்மட்டியை முற்றிலும் கீழிறக்கி, என்ஜினை நிறுத்திய பிறகே தண்டில் கை வைக்கவேண்டும். சில நிமிடங்கள் வீணாகுமே என்று கணக்குப் பார்க்கும் மேற்பார்வையாளர், 1923ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் ஒரு கட்டைவிரலின் இழப்பை 30 விழுக்காடு சம்பாத்தியத் திறன் இழப்பாக மதித்ததையும் கணக்கில் சேர்க்கட்டும்.

கம்பிக் கயிற்றை அன்றாடம் பார்க்கவேண்டும். அதன் விட்டத்தைப்போல் எட்டு மடங்கு நீளத்திற்குள், பத்தில் ஒரு பங்கிற்கு மேற்பட்ட கம்பிகள் அறுந்து தெரிந்தால் கயிற்றைக் கழித்துவிடவேண்டும். கையுறை கொடுத்ததோடு கடமை முடிந்தது என்பாரும் உண்டு. குழாய்களைச் சுமப்பதற்குக் கையுறை நன்று. சுழலும் தண்டின் அருகிலோ அதுவே கையை உள்ளே இழுத்துவிடும்.

1956இல் வகுத்த மாநில எல்லை இவ்வூர்களில் பேச்சைப் பிரிக்கவில்லை. தமிழரின் ‘நிறுத்து’ மலையாளிக்கு விளங்கும். இன்று கேரளத்தின் பணியிடங்களில் வங்காளம், அசாம், ஒடிசா மாநிலத்தவரும் உழைக்கின்றனர். அவர்களுக்கு அச்சொல் எட்டாது. என்ஜின் இரைச்சலிலோ எவருக்குமே எட்டாது. ஆகவே, நிறுத்துவதற்கு உரிய கைச்சைகையை வேலை தொடங்குமுன் அனைவருக்கும் காட்டிவிடவேண்டும்.

இவ்வளவுக்குப் பின்னும் விரல் துண்டாகிவிட்டால், காயத்தைத் தூய துணியால் அழுத்திக் கையை உயர்த்திப் பிடிக்கவேண்டும். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையிலிட்டு, அப்பையைப் பனிக்கட்டிமேல் வைத்து நோயாளியுடனேயே அனுப்பவேண்டும். பனிக்கட்டி விரலில் நேராகப் படலாகாது.