ஊருக்குக் கொண்டுபோகாத கண்ணாடி



விசா கேன்சல் செய்துவிட்டு ஊருக்குக் கிளம்புகிறவர் வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கட்டில் ஒருவருக்கு, ஃபிரிட்ஜ் ஒருவருக்கு, மிச்சம் கார்கோவுக்கு. ஷார்ஜாவில் என் வீட்டிலும் அதுதான் நடக்கிறது. பால்கனியில் நின்ற நாலரை அடிக் குழாய்தான் பாக்கி.

அது நானே செய்த தொலைநோக்கி. 2002இல் நான் ஒரு சைட்டில் ஃபோர்மேன். வேலையில் மிஞ்சிய எட்டங்குல பி.வி.சி. குழாய் அதற்கு உடம்பு. ஷட்டரிங் பிளைவுட் அதற்குத் தாங்கி. இந்த மாதிரித் தாங்கியைப் பிரபலமாக்கியவர் ஜான் டாப்சன். கலிஃபோர்னியாவில் ராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்த வேதாந்த சங்கத்தில் துறவியாக இருந்தவர். தொலைநோக்கியே கதியென்று திரிந்ததில் 1967இல் மடத்தைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. தன் அமைப்புக்குக் காப்புரிமை வாங்காமல் விட்டார். அதனால்தான் என்னைப் போன்றவர்களும் செய்ய முடிந்தது.

குழாயும் பலகையும் இரண்டு வெள்ளிக்கிழமை வேலை. கண்ணாடிதான் ஆறு மாதம். ஆறங்குல வட்டக் கண்ணாடி இரண்டு வேண்டும். ஒன்றைக் கீழே பொருத்தி, கார்போரண்டம் தூளும் தண்ணீரும் விட்டு, மேலே மற்றதை வைத்துத் தேய்க்க வேண்டும். தேய்க்கத் தேய்க்க மேல் கண்ணாடி குழியும், கீழ்க் கண்ணாடி புடைக்கும். ஆறு மாதம் தேய்த்து வரும் குழியின் ஆழம் ஒன்றேகால் மில்லிமீட்டர்கூட இல்லை. அதற்குப் பிறகு மெருகேற்றி, வெறும் கோள வடிவத்தைப் பரவளையமாக மாற்ற வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதைச் சோதிக்க ஒரு சின்ன விளக்கும் சவர பிளேடும் போதும் என்றால் நம்புவீர்களா? டியூட்டி முடிந்து வந்து தினமும் தேய்ப்பேன். ராத்திரியில் யார் அம்மி அரைக்கிறார்கள் என்று கீழ்வீட்டார் வந்து கேட்டார்கள். லீவில் போனபோது சென்னையில் அலுமினியம் பூசி வாங்கினேன்.

2003 ஆகஸ்டில் செவ்வாய் பூமிக்கு மிக நெருங்கி வந்ததல்லவா, அதுதான் முதல் காட்சி. அந்த டிசம்பரில் சஜ்ஜா பக்கம் ஒரு தொழிலாளர் முகாமுக்குக் கொண்டுபோனேன். சனிக் கோளின் வளையம் அப்போது அகலமாக விரிந்திருந்தது. வரிசையில் நின்று பார்த்த ஒரு பெரியவர், "உள்ளே படம் ஒட்டியிருக்கீங்களா தம்பி?" என்றார். குழாயைக் கொஞ்சம் தள்ளிக் காட்டினேன். சனி நகர்ந்து போனது. பிறகு அவர் வரிசையின் கடைசியில் போய் மறுபடி நின்றார்.

அங்கே வந்த எலெக்ட்ரீஷியன் தம்பி ஒருவர் தொடர்ந்து வர ஆரம்பித்தார். கண்ணாடியின் திருகுகளைச் சரிசெய்யக் கற்றுக்கொண்டார். 2025 நவம்பரில் கடைசியாகச் சனியைப் பார்த்ததும் அவரோடுதான். வளையம் பக்கவாட்டில் திரும்பி, கோளில் ஊசி குத்தியதுபோல் ஒரு கோடாக நின்றது.

குழாயை அவருக்குத் தருவதாகச் சொன்னேன். ஆனால் கண்ணாடியைக் கழற்றி, டவலில் சுற்றி, என் கைப்பையில் வைத்துவிட்டேன். ஒரு கிலோதானே! புதுக்கண்ணாடி வாங்கிக்கொள்ளட்டும், பணமும் நானே தருகிறேன் என்று மனதுக்குள் நியாயம் சொல்லிக்கொண்டேன்.

அவர் வந்தார், குழாய்க்குள் எட்டிப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. "பரவாயில்லைண்ணே, நானும் ஒண்ணு தேய்ச்சுக்கிறேன். தூள் எங்கே கிடைக்கும்னு மட்டும் சொல்லுங்க" என்றார். பன்னிரண்டு மணி நேரம் டியூட்டி பார்க்கிறவர், அறைக்கு எட்டுப் பேர். எங்கே வைத்துத் தேய்ப்பார்?

டவலைப் பிரித்தேன். பொருத்தி, திருகுகளைச் சரிசெய்து, இருவருமாகப் பிக்கப்பில் ஏற்றினோம்.

இப்போது என் கைப்பையில் இருப்பது அந்தக் கீழ்க் கண்ணாடி. அதுவும் கிட்டத்தட்ட ஒரு கிலோ. அதில் எதையும் பார்க்க முடியாது. மேசையில் காகிதம் பறக்காமல் வைக்கலாம்.