பாலர்க்கு ஆசிரியராதல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் ஒரு குமாஸ்தா கல்வியைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் இன்று நாம் எடுத்துக்கொண்டது கல்லூரிக் கல்வி அன்று. மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளின் கல்வி. பிள்ளை பெற்று வளர்த்தவர் எவரும் அதைப் பற்றிச் சிந்திக்கக் கடமைப்பட்டவரே.

இன்னொரு காரணமும் உண்டு. சங்கக் கட்டிடத்தின் கீழ் அறையில், வரும் ஜூன் மாதம் பாலர் வகுப்பு ஒன்றைத் தொடங்க வேண்டும் என்று செயற்குழுவில் பேசி வருகிறோம். ஆசிரியையாக யாரை அமர்த்துவது என்ற இடத்தில் பேச்சு நின்றுபோயிற்று. "சின்னக் குழந்தைகள்தாமே! நாலு பாட்டுச் சொல்லிக்கொடுத்து, அழாமல் பார்த்துக்கொண்டால் போதாதா? வீட்டில் சும்மா இருக்கும் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டால் ஆயிற்று" என்றனர் சில அன்பர்கள். ஏறக்குறைய அதே சமயத்தில், பிளஸ் டூ தேறிய நம் காலனிப் பெண் ஒருத்தி பாலர் கல்விப் பயிற்சியில் சேர விரும்பினாள். "ஆயா வேலைக்கா இரண்டு வருஷப் படிப்பு?" என்று வீட்டார் மறுத்துவிட்டனர்.

இவ்விரண்டு பேச்சும் ஒரே வேரில் முளைத்தவை. சிறு குழந்தைகளைப் பேணுவது எல்லாருக்கும் இயல்பாக வரும். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டுவதில்லை என்ற எண்ணமே அந்த வேர். அந்த எண்ணம் சரிதானா என்று ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

நாம் அறிந்த தொழிலிலிருந்தே தொடங்குவோம். ரயில்வேயில் ஒரு பாயிண்ட்ஸ்மேனைக்கூடப் பயிற்சி அளித்துத் தேர்ச்சி பெற்ற பின்னரே வேலையில் நிறுத்துகிறார்கள். வண்டி ஓட்டுபவர், கார்டு, ஸ்டேஷன் மாஸ்டர் ஆகியோர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் பயிற்சிப் பள்ளிக்குச் சென்று வர வேண்டும். வண்டி புறப்படும் முன் பெட்டிகளைச் சோதித்து, பிரேக் சரியாக இருக்கிறது என்று சான்றிதழ் எழுதிய பிறகே அனுப்புகிறோம். இரும்புக்கும் மரத்துக்கும் இவ்வளவு கவனம்! ஆனால் மனித வாழ்வு என்னும் நெடும்பயணம் புறப்படும் நிலையத்தில் மட்டும், கைக்கு அகப்பட்டவரை நிறுத்தினால் போதும் என்கிறோம். குழந்தையின் மூளை வளர்ச்சியில் 85 சதவீதத்திற்கும் மேற்பட்ட பகுதி ஆறு வயதுக்குள்ளேயே நிகழ்ந்துவிடுகிறது என்று 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை குறிப்பிடுகிறது. அந்த ஆறு ஆண்டுகளை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்பது சிறிய காரியமா?

பயிற்சியில் அப்படி என்னதான் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று கேட்கலாம். ஓர் எடுத்துக்காட்டுச் சொல்வோம். மூன்று வயதுக் குழந்தையின் கையில் பென்சிலைத் திணித்து, "அ" எழுது என்று வற்புறுத்துகிறோம். அக்குழந்தையின் விரல் தசைகள் அதற்கு இன்னும் பக்குவம் பெறவில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியை முதலில் களிமண் பிசையக் கொடுப்பார். மணி கோக்கச் செய்வார். பெரிய சாக்கட்டியால் தரையில் கிறுக்க விடுவார். பார்ப்பவர்க்கு அது வெறும் விளையாட்டு. ஆனால் எழுதும் விரல்கள் அங்கேதான் உருவாகின்றன. ஒரே அளவுள்ள இரண்டு குவளைகளில் தண்ணீர் ஊற்றி விளையாடும் குழந்தை கணக்கின் முதற்பாடத்தைப் படிக்கிறது. இந்த விளையாட்டுகளை எந்த வயதில், எந்த வரிசையில் கொடுப்பது என்பதே கல்வி.

இன்னும் உண்டு. குழந்தையின் எடையையும் உயரத்தையும் அளந்து ஊட்டக் குறைவை அறிதல், காது மந்தமான குழந்தையைக் காலத்தில் கண்டுகொள்ளுதல், முதலுதவி, கடிக்கும் குழந்தையையும் ஒதுங்கி நிற்கும் குழந்தையையும் அடிக்காமல் வழிக்குக் கொண்டுவருதல், ஒவ்வொரு குழந்தையையும் உற்றுநோக்கிக் குறிப்பெழுதுதல் ஆகிய அனைத்தும் பாடத்தில் அடங்கும். இவற்றைப் புத்தகத்தில் படித்தால் மட்டும் போதாது. பாலர் பள்ளியில் பல வாரங்கள் நேரில் பழகிக் காட்ட வேண்டும்.

நம் போன்ற குடும்பங்களுக்கு இதில் தனிப்பட்ட அக்கறையும் உண்டு. நம் குழந்தை வீட்டில் தமிழ் பேசுகிறது. தெருவில் மராத்தி கேட்கிறது. பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் அதன்மேல் வந்து விழுகின்றன. பழக்கமில்லாத ஆசிரியை, "வீட்டில் தமிழை நிறுத்துங்கள், அப்போதுதான் ஆங்கிலம் வரும்" என்று தாயிடம் சொல்லியனுப்புகிறார். தாயும் அஞ்சி நிறுத்திவிடுகிறார். ஊரிலிருந்து வரும் பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவே அன்று ஒரு சுவர் எழும்பிவிடுகிறது. தாய்மொழியில் வேரூன்றிய குழந்தைக்குப் பிறமொழிகள் எளிதில் வரும் என்பதே கல்வியறிஞர் கொள்கை. முறையாகப் பயின்றவர் தமிழை நிறுத்தச் சொல்லமாட்டார். அந்தத் தமிழையே படியாக்கிக்கொண்டு குழந்தையைப் பிற மொழிகளுக்கு ஏற்றிச் செல்வார்.

இது நேற்று முளைத்த கருத்தும் அன்று. பாவ்நகர் என்றால் ரயில்வேக்காரர்களாகிய நமக்கு மேற்கு ரயில்வேயின் ஒரு கோட்டத் தலைமையிடம் என்றே நினைவு வரும். அந்த ஊரில்தான் வக்கீல் தொழிலை விட்டுவிட்ட கிஜுபாய் பதேகா என்பவர் 1920இல் பால மந்திரைத் தொடங்கினார். பிரம்பும் மனப்பாடமும் ஆண்ட காலத்தில், கதையும் ஆட்டமும் பாட்டும் கொண்டு குழந்தைகளுக்குக் கல்வி புகட்டினார். குழந்தைகளிடம் அவர் காட்டிய பரிவைக் கண்டு, குஜராத்தி மக்கள் அவரை "மீசை வைத்த அம்மா" என்று அன்போடு அழைத்தனர். பாலர் கல்வி பெண்களுக்கே உரியது என்று கருதும் நம் இளைஞர்கள் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

ராஜ்கோட்டில் பெண்கள் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்த தாராபாய் மோடக் அம்மையார், அந்தப் பதவியைத் துறந்து கிஜுபாயோடு சேர்ந்தார். பின்னர் நம் மேற்கு ரயில்வேப் பாதையில் கோல்வட் நிலையத்திற்கு அருகிலுள்ள போர்டி கிராமத்தில் 1945இல் பணி தொடங்கினார். 1957இல் டகாணுவை அடுத்த கோஸ்பாடு குன்றுக்கு அப்பணி சென்றது. இளமையிலேயே கைம்பெண்ணாகி, முயன்று படித்து ஆசிரியையான அனுதாய் வாக் அவருக்குத் துணை நின்றார். பள்ளிக்கு வராத வார்லி பழங்குடிக் குழந்தைகளைத் தேடி, அவர்தம் வீட்டு முற்றத்திற்கே பள்ளி சென்றது. விலை மிகுந்த கருவிகளுக்கு மாற்றாகச் சோழியும் கூழாங்கல்லும் இலையும் விதையும் பாடப்பொருள்களாயின. மாடு மேய்க்கும் சிறுவர்க்கு மேய்ச்சல் வெளியே வகுப்பறையாயிற்று. இன்று நாடெங்கும் வழங்கும் "அங்கன்வாடி" என்ற பெயர் முற்றத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்ததாகும். நாம் வாழும் இந்தக் கல்யாணிலிருந்து ஒரே நாளில் சென்று திரும்பக்கூடிய தூரத்தில் நடந்த பெருஞ்செயல் இது.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. இத்தாலிய மருத்துவரும் கல்வியறிஞருமான மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பை ஏற்றுச் சென்னை அடையாற்றுக்கு வந்தார். அவர் நடத்திய முதற் பயிற்சி வகுப்பில் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் சுமார் 300 பேர் சேர்ந்தனர். போர் மூண்டதால் திரும்ப இயலாமல் தங்கிய அவர், கொடைக்கானலிலும் சில காலம் வாழ்ந்தார். அவரிடம் பயிற்சி பெற்ற இந்திய ஆசிரியர்கள் ஆயிரத்திற்கு மேற்பட்டவர். பட்டம் பெற்ற மருத்துவரும், வக்கீலும், கல்லூரி முதல்வரும் விரும்பி ஏற்ற தொழிலைத்தான் நாம் "ஆயா வேலை" என்று தள்ளுகிறோம்!

இனி, இப்பணியில் புக விரும்பும் பிள்ளைகள் அறிய வேண்டிய செய்திகளைச் சொல்வோம்.

முதலாவது, தேசிய ஆசிரியர் கல்வி மன்றத்தின் விதிகளின்படி நடக்கும் முன்பள்ளிக் கல்வி டிப்ளமா. இது இரண்டு ஆண்டுப் படிப்பு. பிளஸ் டூ தேர்வில் 50 சதவீத மதிப்பெண் வேண்டும். பள்ளிகளில் பாலர் ஆசிரியர் வேலைக்கு இதுவே உறுதியான வழி. இரண்டாவது, இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழியில் நடத்தும் குழந்தைப் பராமரிப்பு, கல்வி டிப்ளமா. பிளஸ் டூ முடித்தவர் வீட்டிலிருந்தே குறைந்தது ஓராண்டில் முடிக்கலாம். திருமணமான பெண்களுக்கு ஏற்றது. மேலும் படிக்க விரும்புவோர்க்கு மனையியல் பட்டப்படிப்பில் மனித வளர்ச்சி என்ற பிரிவு உண்டு; மும்பையின் எஸ்.என்.டி.டி. பல்கலைக்கழகமும் பரோடாப் பல்கலைக்கழகமும் அதில் பேர்பெற்றவை. பத்தாம் வகுப்போடு நின்றவர், தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வாயிலாகப் பிளஸ் டூ எழுதிவிட்டு இவ்வழிகளில் புகலாம்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கடைத்தெரு மாடியில் பலகை மாட்டி, "ஆறே மாதத்தில் நர்சரி ஆசிரியை, வேலை உறுதி" என்று அழைக்கும் இடங்கள் பல. நம் உறவினர் பெண் ஒருத்தி அத்தகைய ஓரிடத்தில் பணம் கட்டிச் சேர்ந்தாள். பயிற்சிக் காலம் முழுவதும் ஒரு குழந்தையைக்கூட அவள் கண்ணால் காணவில்லை. கிடைத்த சான்றிதழைப் பள்ளிகள் திருப்பிக் கொடுத்துவிட்டன. ஆகவே பணம் கட்டுமுன், அங்கீகாரக் கடிதம் எங்கே என்றும், குழந்தைகளோடு பழகும் பயிற்சி எத்தனை வாரம் என்றும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். இவற்றுக்கு மழுப்பாத விடை கிடைக்காவிட்டால், வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

ஊதியத்தைப் பற்றிப் பேசாமல் விட்டால் நாம் நேர்மையாகப் பேசியவர் ஆகமாட்டோம். 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், இன்று ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகளாக விரிந்துள்ளது. அங்கே உழைக்கும் பெண்கள் பெறுவது சம்பளம் அன்று, மதிப்பூதியம். மத்திய அரசு 2018 அக்டோபரில் அதை மாதம் 4,500 ரூபாயாக உயர்த்தியது. மாநிலங்கள் தம் பங்கைச் சேர்க்கின்றன. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை, பிளஸ் டூ படித்த அங்கன்வாடிப் பணியாளர்க்கு ஆறு மாதப் பயிற்சியும், அதற்குக் குறைந்தவர்க்கு ஓராண்டு டிப்ளமாவும் வேண்டும் என்கிறது. பயிற்சியை வற்புறுத்தும் நாடு ஊதியத்தையும் அதற்கேற்ப உயர்த்த வேண்டும் என்பதே நம் வேண்டுகோள். தனியார் நர்சரிகள் பலவற்றிலும் ஊதியம் சொற்பமே. "அப்படியானால் எங்கள் பெண்ணை ஏன் அனுப்ப வேண்டும்?" என்று வீட்டார் கேட்டால், அக்கேள்வியில் நியாயம் இருக்கிறது.

அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நாமே. அரசையும் முதலாளிகளையும் குறை கூறிவிட்டு, நம் சங்க வகுப்பிற்கு மட்டும் மலிவான ஆளைத் தேடுவது முறையாகாது. "யாருக்கும் வரும் வேலை" என்று நாம் நினைப்பதனால்தான் ஊதியம் தாழ்ந்திருக்கிறது. ஊதியம் தாழ்ந்திருப்பதனால் கெட்டிக்காரப் பிள்ளைகள் வருவதில்லை. அவர்கள் வராததனால் "இது யாருக்கும் வரும் வேலை" என்பது மேலும் உறுதிப்படுகிறது. இந்தச் சுழலை எங்கேனும் ஓரிடத்தில் அறுத்தாக வேண்டும். நம் கைக்கு எட்டும் இடத்திலேயே அறுப்போம்.

ஆதலால் செயற்குழுவின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். பாலர் வகுப்பிற்குப் பயிற்சி பெற்றவரையே அமர்த்துக. அத்தகையவர் கிடைக்கும்வரை வகுப்பை ஓராண்டு தள்ளிவைத்தாலும் தவறில்லை. ஆண்டுதோறும் நம் காலனிப் பெண் அல்லது ஆண் ஒருவருக்கு டிப்ளமாக் கட்டணத்தில் பாதியைச் சங்க நிதியிலிருந்து கொடுத்து, தேறி வந்தால் இங்கேயே வேலை என்று உறுதி கூறுக. அந்த ஆசிரியருக்குக் கௌரவமான மாத ஊதியம் தருக. விழாப் பந்தலின் அலங்காரச் செலவைச் சற்றுக் குறைத்தால் அதற்குரிய பணத்தில் ஒரு பகுதி கிடைத்துவிடும்.

இவற்றோடு, நம் வீட்டுப் பாட்டிமாரையும் வாரம் இருமுறை வகுப்பிற்கு அழைப்போம். தாலாட்டும் நிலாப் பாட்டும் விடுகதையும் அவர்களிடம் குவிந்து கிடக்கின்றன. பயிற்சி பெற்ற ஆசிரியையின் திறமும் பாட்டியின் தமிழும் ஒன்றுசேர்ந்தால், இந்த ஊரில் அதற்கு நிகரான பாலர் பள்ளி வேறு இராது.

"ஆயா வேலைக்கா இரண்டு வருஷம்?" என்று கேட்ட பெற்றோர்க்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான்: உங்கள் மகள் கேட்டது நல்ல படிப்பு. அவளைத் தடுக்காதீர்கள். அவள் படித்து வந்தால், அவளுக்குரிய மரியாதையும் ஊதியமும் கிடைக்கச் செய்வது இந்தச் சங்கத்தின் பொறுப்பாகட்டும்.

 வாழ்க நம் குழந்தைகள்! வளர்க சங்கம்!