கைபேசியும் பேரனின் சுண்டு விரலும்

(திருப்பதியில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

வைத்தியம் பற்றிப் பேச எனக்கு யோக்யதை கிடையாது. சித்தூரில் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்துவிட்டு, சர்க்கார் உத்தியோகத்தில் ஃபைல் பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் என் வீட்டில் ஒரு தவறு நடந்தது. செய்தவன் நான்தான். இங்கே பலர் வீட்டிலும் அது நடந்துகொண்டிருக்கலாம் என்பதால் சொல்கிறேன்.

1954-ல் வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகம் வந்ததிலிருந்தே திருப்பதி மாணவர்கள் ஊர்தான். 2015-ல் ஐ.ஐ.டி.யும் வந்தது. எந்த பஸ் ஸ்டாப்பில் பார்த்தாலும் குனிந்த தலைகள். என் பேரனும் இங்கே ஒரு கல்லூரியில் ஹாஸ்டல்வாசி.

நியூயார்க்கைச் சேர்ந்த முதுகெலும்பு சர்ஜன் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் ஒரு கணக்கு வெளியிட்டார். தலை நிமிர்ந்திருந்தால் கழுத்து தாங்கும் பாரம் சுமார் 5 கிலோ. 15 டிகிரி குனிந்தால் 12 கிலோ, 60 டிகிரி குனிந்தால் 27 கிலோ. தலையின் எடை கூடுவதில்லை. அது முன்னால் சாயச் சாய, பின்கழுத்துத் தசை அதிக பலத்தோடு இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது. பழைய நெம்புகோல் பாடம்! எனக்கு ஒரே குஷி. பத்திரிகையில் வந்த படத்தைக் கத்தரித்து, வீட்டில் அவன் மேஜைக்கு எதிரே ஒட்டினேன். ஒவ்வொரு முறை வரும்போதும், "அரிசி மூட்டையைக் கழுத்தில் சுமக்கிறாயடா" என்று அர்ச்சனை.

சென்ற ஆண்டு திருமலைக்குப் போனோம். கோயிலுக்குள் கைபேசிக்கு அனுமதி இல்லையே, கவுண்டரில் ஒப்படைத்துவிட்டு வைகுண்டம் க்யூ காம்ப்ளெக்ஸில் உட்கார்ந்தோம். கையில் வேறொன்றும் இல்லாததால் பையன் வாயைத் திறந்தான். "தாத்தா, மூணு மாசமா சுண்டு விரல் மரத்துப் போறது. சொன்னா திட்டுவேள்னு சொல்லலை."

எனக்குத் தரிசனத்தில் மனசு நிற்கவில்லை.

மறுநாள் டாக்டரிடம் போனோம். கழுத்தில்தான் கோளாறு என்று நானே தீர்மானித்திருந்தேன். அவர் கழுத்தையும் பார்த்தார். பிறகு முழங்கையின் உட்பக்கம் விரலால் தட்டினார். பையன் துள்ளினான். இடித்துக்கொண்டால் ஷாக் அடித்த மாதிரி இருக்குமே, அந்த இடம். அங்கே எலும்பை ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறது. சுண்டு விரலுக்கும் மோதிர விரலில் பாதிக்கும் உணர்ச்சி தருவது அதுதான். முழங்கையை மடக்கியே வைத்திருந்தால் நரம்பு இழுபடும். அது போகிற வழியும் குறுகும். இவன் ராத்திரியில் கட்டிலில் ஒருக்களித்து, முழங்கையை ஊன்றி, கையை மடக்கிப் படம் பார்ப்பவன். அலட்சியப்படுத்தினால் கைத்தசை மெலிந்து பிடி தளரும் என்றார் டாக்டர். கட்டை விரல் பக்கம் மணிக்கட்டு வலிப்பது வேறு சமாசாரம். அதை டி கெர்வெய்ன் என்ற சுவிஸ் சர்ஜன் 1895-லேயே எழுதிவிட்டார், செல்போனைப் பார்க்காமலே!

நல்ல வேளை, ஆபரேஷன் வரை போகவில்லை. ராத்திரி முழங்கை மடங்காதபடி டவலைச் சுற்றிக்கொள்வது, ஊன்றாமல் இருப்பது, அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நடப்பது, இவ்வளவுதான். இரண்டு மாதத்தில் மரமரப்பு போயிற்று.

பிறகுதான் அந்த 27 கிலோவை விவரமாகப் படித்தேன். அது கம்ப்யூட்டர் மாடலில் போட்ட கணக்கு. யார் கழுத்திலும் அளந்து பார்த்ததல்ல. 2018-ல் பிரேசிலில், ரியோ டி ஜெனிரோவில், 18 முதல் 21 வயது வரை உள்ள 150 பேரைப் பரிசோதித்து ஓர் ஆய்வு வெளியானது. கைபேசி பார்க்கக் குனிவதற்கும் கழுத்து வலிக்கும் தொடர்பு அதில் தென்படவில்லை. அதற்காக மணிக்கணக்கில் குனிந்திருக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. எந்த நிலையானாலும் அசையாமலே இருந்தால் தசை சோர்ந்துதான் போகும். ஆனால் நான் கோணத்தை அளந்துகொண்டிருந்தேனே தவிர, "எங்கேடா வலிக்கிறது" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அது எந்த பௌதிகப் புத்தகத்தில் இருக்கிறது?

சுவரிலிருந்த படத்தைக் கிழித்துவிட்டேன். பையன் இப்போது பாட்டியின் பாராயணப் புத்தகம் வைக்கும் சிக்குப்பலகையை ஹாஸ்டலுக்கு எடுத்துப்போய், அதில் போனைச் சாய்த்து வைத்துப் பார்க்கிறான். கைக்கும் ஓய்வு, தலையும் நிமிர்ந்திருக்கிறது. எப்போது திருப்பித் தருவான் என்று பாட்டிதான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.